10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் எதிர்கால மின்சாரமும்

கேள்வி இதுதான்: "எனக்கு நிரல் எழுத வரும். சால்டரிங் அயனும் பிடித்திருக்கிறேன். சோலார், பேட்டரி, ஹைட்ரஜன் என்று எதைப் பார்த்தாலும் உட்கார்ந்து படித்துவிடுவேன். மென்பொருள், எலக்ட்ரானிக்ஸ், ஆற்றல் என்ற இந்த மூன்றில் எதைப் பிடித்துக்கொண்டு போவது? எதிர்கால ஆற்றல் என்று எதை நம்பலாம்? எங்கிருந்து தொடங்குவது?"

பதிலைப் புகையிலிருந்து தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன டிசி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு மின்சுற்று செய்தேன். நிரலை ஓட்டும் குட்டிக் கணினிச் சில்லான ஒரு மைக்ரோகண்ட்ரோலர், அது சொன்னபடி மின்சாரத்தை ஆன் ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர் சுவிட்சான ஒரு மாஸ்ஃபெட், மோட்டார், அவ்வளவுதான். நிரல் இருபது வரி. முதல் முறையே ஓடியது. வேகத்தை மாற்றுவதற்காக ஒரே ஒரு எண்ணைத் திருத்தி நிரலை மறுபடி ஏற்றினேன். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மாஸ்ஃபெட்டிலிருந்து நூல் மாதிரி புகை கிளம்பியது. சரி, மட்டமான சரக்கு போல என்று வேறொன்று மாட்டினேன். ஓடியது. மறுபடி நிரல் ஏற்றினேன், மறுபடி புகை. மூன்றாவதும் போன பிறகுதான் உறைத்தது: மோட்டார் ஓடும்போது எதுவும் ஆகவில்லை, நிரல் ஏற்றும்போது மட்டும்தான் எரிகிறது.

நிரல் ஏறும் நேரத்தில் மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட்டில் இருக்கும். அப்போது அதன் கால்கள் எதையும் மேலே இழுப்பதும் இல்லை, கீழே இழுப்பதும் இல்லை, அந்தரத்தில் நிற்கும். மாஸ்ஃபெட்டின் கேட், அதாவது அதை ஆன் ஆஃப் செய்யும் கால், மின்சாரக் கண்ணோட்டத்தில் சார்ஜைச் சேர்த்துவைக்கும் ஒரு குட்டிக் கெப்பாசிட்டர். அதை யாரும் பிடித்துக்கொள்ளாவிட்டால், இருந்த சார்ஜ் மெல்லக் கசிந்து பாதி வழியில் நின்றுவிடும். மாஸ்ஃபெட் முழுதாக ஆன் என்றால் மின்னோட்டம் நிறைய, ஆனால் அதன் மேல் விழும் வோல்ட் சொற்பம். முழுதாக ஆஃப் என்றால் வோல்ட் நிறைய, மின்னோட்டம் இல்லை. இரண்டிலும் பெருக்கிப் பார்த்தால் வெப்பம் ஒன்றுமில்லாத அளவுதான். பாதி ஆன் என்பதுதான் எமன்: இரண்டும் சேர்ந்து இருக்கும், அத்தனையும் சூடாகும். கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டேன். அத்தோடு நின்றது.

நிரலை எத்தனை முறை படித்தாலும் அதில் பிழை கிடைக்காது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்வரை மின்சுற்றிலும் பிழை கிடையாது. பிழை இருந்தது இரண்டுக்கும் நடுவில். உங்கள் முதல் கேள்விக்கு என் பதிலும் இதுதான். மூன்றில் ஒன்றைப் பிடிக்காதீர்கள், அவை தொட்டுக்கொள்ளும் இடத்தைப் பிடியுங்கள். வெறும் மென்பொருளில் ஆள் நிறைய இருக்கிறார்கள். நல்ல சுற்று வடிவமைப்பவர்கள் குறைவு, இருந்தாலும் இருக்கிறார்கள். நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், வரப்போகும் வேலையோ பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது. ஏன் என்று கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டைனும் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டிய பிறகு, அந்தச் சுவிட்ச் இரண்டு கிளையாகப் பிரிந்தது. ஒரு கிளை அதைச் சுருக்கிக்கொண்டே போனது. 1971இல் வந்த இன்டெல் 4004இல் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். இன்றைக்குக் கைபேசியில் இருக்கும் சில்லில் ஆயிரம் கோடிக்கும் மேல். இந்தக் கிளையின் கதை எல்லோருக்கும் தெரியும். இன்னொரு கிளை அதே சுவிட்சைப் பலசாலியாக்கியது: நூற்றுக்கணக்கான ஆம்பியரை, ஆயிரம் வோல்ட்டுக்கு மேல், ஒரு நொடியில் பல ஆயிரம் முறை ஆன் செய்து ஆஃப் செய்வது. பவர் எலக்ட்ரானிக்ஸ் என்பார்கள். செய்தியில் அதிகம் வராத கிளை. ஆனால் சோலார் பேனலுக்கும், நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் மின்தொகுப்புக்கும் (கிரிட்) நடுவில், பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில், கரண்டுக்கும் உங்கள் மடிக்கணினிக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது இதுதான்.

சார்ஜரையே எடுத்துக்கொள்வோம். பழைய அடாப்டர்கள் செங்கல் மாதிரி கனத்தன, இப்போது வருபவை தீப்பெட்டி மாதிரி இருக்கின்றன. காரணம் எளிது. டிரான்ஸ்ஃபார்மர் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஆற்றலை இந்தப் பக்கம் மொண்டு அந்தப் பக்கம் ஊற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 50 முறைதான் மொள்ள முடியும் என்றால் குடம் பெரிதாக இருக்க வேண்டும். நொடிக்கு ஒரு லட்சம் முறை மொள்ள முடிந்தால் ஒரு சிறு கிண்ணம் போதும். குடத்தைக் கிண்ணமாக்கியது வேகமான சுவிட்ச். சிலிக்கனில் வேகத்தைக் கூட்டினால் ஒவ்வொரு ஆன் ஆஃபிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பு சேரும், ஏனென்றால் நான் மேலே சொன்ன அந்தப் பாதி ஆன் நிலையை ஒவ்வொரு முறையும் கடந்துதான் ஆக வேண்டும். கேலியம் நைட்ரைடு, சிலிக்கன் கார்பைடு என்ற புதிய குறைக்கடத்திகள் அந்த இடத்தை இன்னும் வேகமாகக் கடக்கின்றன. சிலிக்கனின் ஆற்றல் இடைவெளி, அதாவது அதில் ஒரு எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல், 1.12 எலக்ட்ரான் வோல்ட். இவை இரண்டுக்கும் மூன்றுக்கு மேல். அதனால் அதிக வோல்ட்டை மெல்லிய அடுக்கிலேயே தாங்கிவிடும். மெல்லிய அடுக்கு என்றால் மின்தடை குறைவு, இழப்பு குறைவு. மின்வாகனங்களில் பேட்டரியின் டிசியை ஏசியாக்கும் இன்வெர்ட்டரில் சிலிக்கன் கார்பைடு புகுந்தது இதனால்தான். அதே பேட்டரியில் கொஞ்சம் அதிக தூரம், கொஞ்சம் சின்ன குளிர்விப்பான். பெரிய அதிசயம் எதுவும் இல்லை, ஆனால் ஒவ்வொரு வண்டியிலும் ஒவ்வொரு நாளும் கிடைக்கும் லாபம்.

ஒரு கிளைக்கதை. எல்இடி விளக்கு செத்துப்போனால் எல்இடி செத்துவிட்டது என்று நினைக்கிறோம். திறந்து பார்த்தால் பல நேரம் எல்இடி நன்றாகவே இருக்கும். அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவரில் ஒரு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் தலை உப்பி உட்கார்ந்திருக்கும். அதன் உள்ளே இருக்கும் திரவம் காலப்போக்கில் வற்றும். 10 டிகிரி வெப்பம் கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அந்தக் கெப்பாசிட்டரைச் சூடான டிரான்சிஸ்டரை ஒட்டி வைப்பதா, இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வைப்பதா என்பதைத் தீர்மானிக்கிறவர்தான் அந்த விளக்கின் ஆயுளையும் தீர்மானிக்கிறார். ஐம்பதாயிரம் மணி நேரம் என்று அட்டையில் அச்சடிப்பவர் அல்ல.

இப்போது எதிர்கால ஆற்றலுக்கு வருகிறேன். மூலம் எது என்ற கேள்வி எனக்குக் கிட்டத்தட்ட முடிந்துபோன கேள்வி. பூமியின் வளிமண்டலத்துக்கு மேலே, சூரியனை நேராகப் பார்க்கும் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 1,361 வாட் விழுகிறது. 1954இல் பெல் ஆய்வகம் காட்டிய முதல் நடைமுறைச் சிலிக்கன் சோலார் செல் தன் மேல் விழுந்த வெயிலில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்று கடைக்கு வரும் நல்ல பேனல்கள் 22, 23 சதவீதம் தொடுகின்றன. ஒரே ஒரு குறைக்கடத்திச் சந்தி கொண்ட செல்லுக்கு உச்சவரம்பு உண்டு என்று ஷாக்லி, குவைசர் என்ற இரு இயற்பியலாளர்கள் 1961இலேயே கணக்குப் போட்டுவிட்டார்கள்; இன்றைய கணக்கில் அது சுமார் 33 சதவீதம். ஆக, திறனில் இனி பாயப் பெரிய இடம் இல்லை. பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளைச் சிலிக்கன் மேல் அடுக்கினால் அந்த வரம்பைத் தாண்டலாம். ஆனால் அது வெயிலிலும் ஈரத்திலும் இருபத்தைந்து வருடம் தாங்குமா என்பதுதான் கேள்வி. பந்தயத்தைச் சோலார் வென்றது திறனால் அல்ல, விலையால். மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் விலை சுமார் ஐந்தில் ஒரு பங்கு இறங்கி வந்திருக்கிறது. இந்தக் கோட்டோடு மல்லுக்கட்டி ஜெயித்த தொழில்நுட்பம் எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

மூலம் முடிந்த கேள்வி என்றால் முடியாத கேள்வி எது? நேரம். மின்சாரம் எந்த நொடியில் எவ்வளவு தேவையோ அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். பழைய மின்தொகுப்பில் இந்தச் சமநிலையை முதல் சில நொடிகளுக்குக் காப்பாற்றியது எந்த மூளையும் இல்லை, இரும்பு. அனல், நீர், அணு நிலையங்களில் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள சுழலிகள் மின்தொகுப்போடு பூட்டிச் சுழல்கின்றன. திடீரென்று சுமை கூடினால், அவை தங்கள் சுழற்சியில் இருக்கும் ஆற்றலைக் கொடுத்துக் கொஞ்சம் மெதுவாகும். அதிர்வெண், அதாவது நொடிக்கு எத்தனை அலை என்பது, 50 ஹெர்ட்ஸிலிருந்து லேசாக இறங்கும். அந்த இறக்கமே எல்லா நிலையங்களுக்கும் செய்தி: சுமை கூடிவிட்டது, வால்வைத் திற. தனிச் செய்திக் கம்பி, ரேடியோ, இணையம் எதுவும் இல்லாமல் ஒரு கண்டம் முழுவதும் பரவும் செய்தி. மனிதன் செய்த ஒருங்கிணைப்பு அமைப்புகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

சோலார் பேனலில் சுழல்வது எதுவும் இல்லை. பேட்டரியிலும் இல்லை. அவை இன்வெர்ட்டர் வழியாகத்தான் தொகுப்பில் சேர்கின்றன. இன்வெர்ட்டர் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தீர்மானிப்பது அதற்குள் ஓடும் நிரல். சாதாரண இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருக்கும் அலையைப் பார்த்து அதன் பின்னால் ஓடும். முன்னால் ஆள் நடந்தால் பின்தொடரலாம். எல்லோரும் பின்தொடர்பவர்களாகிவிட்டால் யாரைப் பார்த்து யார் நடப்பது?

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. ஜெர்மனியில் நடந்ததைச் சொல்கிறேன். அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸைத் தாண்டினால் சோலார் இன்வெர்ட்டர் உடனே துண்டித்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே விதி இருந்தது. இன்வெர்ட்டர்கள் சொற்பமாக இருந்த காலத்தில் அது நல்ல விதி. உற்பத்தி அதிகமானால் ஓரமாக ஒதுங்கிக்கொள், அவ்வளவுதான். பிறகு கூரைக்குக் கூரை பேனல் வந்தது. விதி மட்டும் மாறவில்லை. இப்போது ஒரு வெயில் நாளில் அதிர்வெண் 50.2ஐத் தொட்டால் ஆயிரக்கணக்கான மெகாவாட் ஒரே கணத்தில் கையை விட்டுவிடும் நிலை. சின்ன மேட்டைச் சமாளிக்கப் போய்ப் பெரிய பள்ளத்தில் விழுவது மாதிரி. 2012இல் தனி ஒழுங்குமுறை கொண்டுவந்து, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்களின் அமைப்பைத் திருத்த வேண்டியிருந்தது. பழைய இன்வெர்ட்டர்களுக்கு வெவ்வேறு வரம்புகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். புதியவை ஒரேயடியாக விலகாமல் அதிர்வெண் ஏற ஏற உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றார்கள்.

நீங்கள் நிரல் எழுதுபவர் என்றால் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். சர்வர் விழுந்து எழும்போது எல்லாச் செயலிகளும் அதே நொடியில் வந்து கதவை இடித்து மறுபடி அதை விழவைக்கும் கதைதானே இது? அதற்கு நாம் என்ன செய்வோம்? மறுமுயற்சிக்கு முன் காத்திருக்கும் நேரத்தில் ஒரு சீரற்ற எண்ணைக் கலப்போம். ஜெர்மனிக்காரர்கள் செய்ததும் சாராம்சத்தில் அதுதான். ஒரு பக்கத்தில் சர்வ சாதாரணமாக இருக்கும் அறிவு இன்னொரு பக்கத்துக்குப் போய்ச் சேர இத்தனை வருடம் ஆகிறது.

இன்னொன்று, இதைவிடக் காரமானது. 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் பெரும் புயல் மின்கோபுரங்களைச் சாய்த்தது. இரண்டு நிமிடத்துக்குள் தொகுப்பின் மின்னழுத்தம் ஆறு முறை சரிந்து எழுந்தது. அங்கிருந்த காற்றாலைகளின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு பாதுகாப்பு எண் இருந்தது: குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை சரிவுகளுக்கு மேல் வந்தால் தாக்குப்பிடிக்க வேண்டாம், உற்பத்தியைக் குறைத்துக்கொள். அந்த எண் தாண்டியது. ஏழு நொடிக்குள் 456 மெகாவாட் காணாமல் போனது. பக்கத்து மாநிலத்திலிருந்து வரும் இணைப்பு அந்தச் சுமை முழுவதையும் தன் தலையில் இழுத்துக்கொண்டு, தாங்காமல் அறுந்தது. மாநிலமே இருண்டது. தொகுப்பை நடத்துபவர்களுக்கு அப்படி ஒரு எண் இருப்பதே அதுவரை தெரியாது. காற்றாலை மோசம் என்று ஒரு கூட்டமும், கோபுரம் சாய்ந்தால் யார்தான் என்ன செய்ய முடியும் என்று இன்னொரு கூட்டமும் அதற்குப் பிறகு நெடுநாள் சண்டை போட்டார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், யார் கண்ணிலும் படாமல், அந்த எண். என்னுடைய 10 கிலோ ஓம் மாதிரிதான், எரிந்ததுதான் பெரிது.

அதே மாநிலத்தில் 2017 இறுதியில் 100 மெகாவாட் லித்தியம் பேட்டரி ஒன்று வந்தது, ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில். பிறகு அதை விரிவாக்கி, 2022இல் இன்வெர்ட்டரின் கட்டுப்பாட்டு மென்பொருள் வழியாகவே அதைச் சுழலும் எடை மாதிரி நடிக்க வைத்தார்கள். அதிர்வெண் வேகமாக இறங்கினால், நூறு டன் இரும்பு என்ன செய்திருக்குமோ அதைக் கணக்கிட்டு அந்த அளவு மின்சாரத்தைத் தள்ளும். இரும்பின் இயற்பியலை நிரலாக எழுதியிருக்கிறார்கள். எதிர்கால ஆற்றல் எது என்று கேட்டால் நான் சுட்டிக்காட்டுவது இதைத்தான். அலையைப் பின்தொடராமல் தானே உருவாக்கும் இன்வெர்ட்டர். பேனலும் பேட்டரியும் விலைக்குக் கிடைக்கும். இதைச் சரியாகச் செய்யும் ஆட்கள்தான் அவ்வளவு எளிதாகக் கிடைக்கமாட்டார்கள்.

பேட்டரி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வேதியியலில் தினம் ஒரு புரட்சி அறிவிக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆய்வகத்தை விட்டு வெளியே வருவதில்லை, எனவே நான் பொறுமையாகத்தான் படிப்பேன். ஆனால் ஏற்கெனவே வந்துவிட்ட ஒன்றில் உங்களுக்குப் பிடிக்கும் புதிர் இருக்கிறது. லித்தியம் இரும்பு ஃபாஸ்ஃபேட், 1990களில் ஜான் குடெனஃப் குழு கண்டது. எளிதில் தீப்பிடிக்காது, ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் தாங்கும், கோபால்ட் வேண்டாம். ஒரே ஒரு தலைவலி: 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை அதன் மின்னழுத்தம் கிட்டத்தட்ட அசையவே அசையாது. செல்லுக்கு 3.2 அல்லது 3.3 வோல்ட், அங்கேயே நிற்கும். அப்படியானால் திரையில் தெரியும் "63 சதவீதம்" எங்கிருந்து வருகிறது? உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியே வந்ததையும் எண்ணிக் கூட்டிக் கழித்து வருகிறது. எண்ணும் சென்சார் 0.1 ஆம்பியர் தவறாக அளந்தால் பத்து நாளில் 24 ஆம்பியர் மணி பிசகும். நூறு ஆம்பியர் மணி பேட்டரியில் அது கால்வாசி! எனவேதான் இந்த வகைப் பேட்டரியை அவ்வப்போது முழுதாக நிரப்பச் சொல்கிறார்கள். உச்சியில் மட்டும்தான் மின்னழுத்தம் விறுவிறுவென்று ஏறும். அங்கே போனால் நிரல் தன் கணக்கை நேராக்கிக்கொள்ளும். வேதியியல் தட்டையாக இருப்பதை, சென்சார் லேசாகப் பிசகுவதை, நிரல் ஊகிப்பதை மூன்றையும் ஒரே தலையில் வைத்துக்கொள்ள முடிந்தவருக்கு இந்தப் புதிர் இனிக்கும். ஒன்றை மட்டும் அறிந்தவர் மற்ற இருவரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

ஹைட்ரஜன்: கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க ஏறக்குறைய 50 முதல் 55 யூனிட் மின்சாரம். அழுத்தி அடைக்க இன்னும் சில யூனிட். அந்தக் கிலோவில் இருப்பது 33 யூனிட். ஹைட்ரஜனை மறுபடி மின்சாரமாக்கும் எரிபொருள் கலம் அதில் பாதியைத்தான் திருப்பித் தரும், சற்றுக் கூடுதலாகவும் தரலாம். 58 போட்டு 18 எடுக்கிறோம். பேட்டரியில் 100 போட்டால் 85, 90 திரும்பி வரும். எனவே கார், கூரைச் சேமிப்பு இதற்கெல்லாம் ஹைட்ரஜன் என்றால் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் இரும்புத் தாதுவிலிருந்து எஃகு செய்யவும் உரத்துக்கான அம்மோனியா செய்யவும் ஹைட்ரஜன் மின்சாரத்துக்கு மாற்றாக வருவதில்லை, மூலப்பொருளாகவே வருகிறது. அங்கே அதற்கு இடம் உண்டு.

அணு இணைவு: 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் தேசிய எரியூட்டு மையத்தில் 2.05 மெகாஜூல் லேசர் உள்ளே போய் 3.15 மெகாஜூல் வெளியே வந்தது. அற்புதமான அறிவியல். அந்த லேசரைச் சுட சுவரிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல் என்பதையும் சேர்த்தே படியுங்கள். நான் அதை ஆவலோடு பின்தொடர்கிறேன், ஆனால் எந்தத் திட்டத்தையும் அதை நம்பி வரையமாட்டேன். அணுப்பிளவு வேலை செய்யும் தொழில்நுட்பம்தான். அதன் சிக்கல் கட்டி முடிக்கும் காலமும் செலவும். அதில் எனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மென்பொருளைப் பற்றி எனக்கு ஒரு கோபம் உண்டு, அதைச் சொல்லாமல் விடமுடியாது. நிலவில் இறங்கிய அப்பல்லோ கணினியின் எழுதக்கூடிய நினைவகம் 2,048 சொற்கள்தான் என்று எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். அந்த ஒப்பீடு எனக்கு அலுத்துவிட்டது. அந்த நிரலை எழுதப் பெரிய கூட்டமே வருடக்கணக்கில் உழைத்தது, நம் எல்லாச் செயலிகளையும் அப்படி எழுத முடியாது. என் கோபம் ஆயுளைப் பற்றியது. சோலார் பேனல் 25 வருடத்துக்கு உத்தரவாதம் தருகிறது. அதை இயக்கும் மென்பொருள் எத்தனை வருடத்துக்கு? என்னிடம் ஒரு இன்வெர்ட்டர் கண்காணிப்புப் பெட்டி இருந்தது. எல்லாத் தரவையும் தயாரிப்பாளரின் சர்வருக்கு அனுப்பி அங்கிருந்துதான் என் கைபேசிக்குத் தரும். ஒருநாள் சர்வரை மூடிவிட்டார்கள். பேனல் நன்றாக இருக்கிறது, இன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது, கண்காணிப்பு மட்டும் செத்துப்போனது. நல்லவேளை, இன்வெர்ட்டரின் அடியில் கம்பி வழியாகத் தரவு எடுக்க ஒரு ஆர்எஸ்-485 துளை இருந்தது. அதில் பேசுவது 1979இல் வந்த மோட்பஸ், கருவிகள் ஒன்றோடொன்று பேசும் நெறிமுறை. இரண்டு கம்பி, ஒரு மலிவான மாற்றி, முப்பது வரி பைத்தான். பத்து நொடிக்கு ஒருமுறை எல்லா எண்களும் கைக்கு வந்துவிட்டன. மேகக் கணினி கைவிட்டதை, நாற்பது வயது தாண்டிய நெறிமுறை தூக்கி நிறுத்தியது. அன்றிலிருந்து எந்தக் கருவி வாங்கினாலும் முதலில் அதன் அடியில் என்ன துளை இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். 32 பிட் எண்ணில் 1970 முதல் நொடிகளை எண்ணும் கருவிகளுக்கு 2038 ஜனவரி 19 அன்று எண் நிரம்பி, கடிகாரம் 1901க்குத் திரும்பும். கணினிகளில் இதை ஏறக்குறைய சரிசெய்துவிட்டார்கள். சுவரில் மாட்டி மறந்துவிடும் மீட்டர்களும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் அப்படி இல்லை. இன்றைக்கு மாட்டும் ஒரு பெட்டி பதினைந்து வருடம் ஓடினால் அந்த நாளைப் பார்த்துவிடும். இப்போது எழுதும் நிரலில் நேரத்துக்கு 64 பிட் வைப்பது ஒரு வரி வேலை.

செயற்கை நுண்ணறிவு எல்லா மின்சாரத்தையும் குடித்துவிடுமா என்றும் பலர் கேட்கிறார்கள். சர்வதேச ஆற்றல் முகமையின் மதிப்பீட்டில் 2024இல் உலகத் தரவு மையங்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 415 டெராவாட் மணி, அதாவது உலக மின்நுகர்வில் ஒன்றரை சதவீதம். உலக அளவில் பயங்கரமில்லை. ஆனால் அவை ஒரே வட்டாரத்தில் குவிவதால் அந்த வட்டாரத்து மின்தொகுப்புக்குப் பயங்கரம்தான். சில்லுக்குள் ஆற்றல் எங்கே போகிறது என்பதுதான் எனக்கு இதைவிடச் சுவையான கேள்வி. இரண்டு எண்களைக் கூட்டுவதற்கு ஆகும் ஆற்றலைவிட, அந்த எண்களை வெளி நினைவகத்திலிருந்து கொண்டுவர ஆகும் ஆற்றல் ஆயிரம் மடங்குக்கும் மேல் போகலாம். கணக்கு மலிவு, போக்குவரத்துதான் செலவு. தரவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து எழுதிய நிரல் வேகமாகவும் ஓடும், குறைவாகவும் குடிக்கும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

நிரல் தெரியும் என்றதால் மொழியைப் பற்றிக் கவலைப்படவில்லை. சி மட்டும் இல்லாவிட்டால் கற்றுக்கொள்ளுங்கள். மைக்ரோகண்ட்ரோலர் உலகம் இன்னும் அதில்தான் பேசுகிறது. முதல் வேலையாக ஒரு சின்னச் சோலார் பேனலும் 12 வோல்ட் பேட்டரியும் வைத்துச் சார்ஜ் கட்டுப்பாட்டுக் கருவி செய்யுங்கள். பேனலில் ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்தில்தான் அதிகபட்ச வாட் கிடைக்கும். வெயிலுக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப அந்தப் புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும். அதைத் துரத்துவதுதான் நிரலின் வேலை. எளிய வழி: கொஞ்சம் நகர்த்திப் பார், வாட் கூடினால் அதே திசையில் போ, குறைந்தால் திரும்பு. பத்து வரியில் எழுதிவிடலாம். தெளிந்த வானத்தில் அழகாக ஓடும். அப்புறம் ஒரு மேகம் வரும். நிரல் ஒரு அடி எடுத்துவைத்த அதே நேரத்தில் வெயில் இறங்கும். வாட் குறைந்தது தன்னால்தான் என்று நினைத்து அது தப்பான பக்கம் திரும்பி ஓடும். என்னுடையது முதல் நாளில் மேகத்துக்கு மேகம் இப்படித் தடுமாறியது. அதைச் சரிசெய்ய நீங்கள் கண்டுபிடிக்கும் வழி எதுவானாலும், பாடத்தில் படித்ததைவிட நன்றாக நினைவில் நிற்கும்.

கருவிகளில், மல்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அடுத்து, மின்னழுத்தம் நொடிக்கு நொடி மாறுவதைத் திரையில் வரைந்து காட்டும் ஒரு ஆசிலாஸ்கோப், மலிவானதே போதும். மல்டிமீட்டர் சராசரியைச் சொல்லும். மாஸ்ஃபெட் எரிவது சராசரியில் இல்லை, ஒரு மைக்ரோ நொடியில். 2024 மார்ச்சில், லினக்ஸ் கணினிகளில் பயன்படும் எக்ஸ்இசட் என்ற மென்பொருள் நூலகத்தில் யாரோ ஒளித்துவைத்த பின்கதவை, அதாவது ரகசிய நுழைவழியை, ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தது எப்படி தெரியுமா? தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாக ஆனது, அது ஏன் என்று அளந்து பார்த்தார். அந்த அரிப்பு உங்களுக்கும் இருந்தால் ஆசிலாஸ்கோப் வாங்கிய காசு வீண்போகாது.

ஓர் எச்சரிக்கை. முதல் ஒரு வருடத்துக்கு எல்லாவற்றையும் 24 வோல்ட்டுக்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். சுவர் மின்சாரத்தில் ஓடும் சார்ஜரைத் திறந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி உட்கார்ந்திருக்கலாம். 230 வோல்ட் ஏசியின் உச்சம் அதுதான். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடும் வேலை வேண்டாம்; சில கிலோ ஓம் அளவுள்ள, சில வாட் தாங்கும் ரெசிஸ்டர் ஒன்றை உறையிட்ட கம்பியில் பிடித்து, இரு முனைக்கும் நடுவில் சில நொடி வைத்து, பிறகு மீட்டரால் அளந்து பூஜ்யத்துக்கு அருகில் வந்ததைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். பேட்டரிப் பக்கத்தில் ஃபியூஸை முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் போடுங்கள். அப்புறம் ஒவ்வொரு மாஸ்ஃபெட்டின் கேட்டிலும், நிரல் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும், ஒரு 10 கிலோ ஓம்.